தொடும் முன் கேட்கும் கைகள்

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உள்ள பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால், இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கெங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். எலும்பு மூட்டு மருத்துவமனை, பிசியோதெரபி, புத்தூர் கட்டு, கேரள ஆயுர்வேத சிகிச்சை, அக்குபங்சர். இவற்றுக்கு நடுவே, முதல் மாடியில், கண்ணாடிக் கதவில் தாமரைப் படம் ஒட்டிய தாய் ஸ்பாக்கள். பாங்காக்கில் ஒரு பழைய மசாஜ் கூடத்தில் என் கழுத்தின் நாள்பட்ட இறுக்கம் தளர்ந்ததிலிருந்து, அப்படிப்பட்ட கை நம் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். மதுரையிலிருந்து தாம்பரத்துக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோது, அந்தத் தேடலுக்கென்றே சில நாட்கள் கூடுதலாகத் தங்கினேன்.

பல்லாவரத்தில் தொடங்கினேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கேதான் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்த மண்ணில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்று அதுதான். கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. உள்ளங்கையே அதற்குப் பிடி. கல்லைப் பிடித்துச் செதுக்கப் பழகிய அந்தக் கை, உடன் இருந்தவரின் சுளுக்கையும் தடவிப் பார்த்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலிக்கும் இடத்துக்கு நம்மை அறியாமலே கை போகிறது. எல்லா மருத்துவமும் அங்கிருந்துதான் கிளைத்திருக்க வேண்டும்.

அதே ஊரில் ஒரு மாடிக் கடையில் ஏறினேன். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் விலை அட்டையை நீட்டினார். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம், இரண்டு பேருக்குச் சலுகை. எங்கே வலி என்று அவர் கேட்கவில்லை. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, கைபேசியில் சில பெண்களின் படங்களைக் காட்டி, யார் வேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்தப் படங்களில் இருந்தவர்கள் வடகிழக்கு மாநிலப் பெண்களாகத் தெரிந்தார்கள். வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து வேலை செய்கிறவர்களின் முகங்கள் விலைப்பட்டியலின் பகுதியாகிவிட்ட இடத்தில் உட்கார மனம் ஒப்பவில்லை. இறங்கிவிட்டேன்.

குரோம்பேட்டையில், ரயில் நிலையம் பக்கத்துச் சந்து ஒன்றில், இரண்டே நாற்காலி உள்ள சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டி முடித்ததும் பெரியவர், “கழுத்து ரொம்ப இறுகியிருக்குதே சார், கொஞ்சம் பிடிச்சு விடட்டுமா?” என்றார். பொட்டிலும் பிடரியிலும் கட்டைவிரலை வைத்து அவர் அழுத்திய விதத்தில் பழக்கத்துக்கு மேல் ஏதோ இருந்தது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “எங்கப்பா சுளுக்கு வழிப்பாரு. ஆயா பிரசவம் பாத்தவங்க. என் பையன் பேங்க்ல இருக்கான், இதெல்லாம் அவனுக்கு வேணாம்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மகன் தப்பித்துவிட்டான் என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்த நிம்மதிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. தமிழகத்தில் முடி திருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. கட்டி கீறியவர்கள், எலும்பு கட்டியவர்கள், பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அவர்கள். ஊரின் ஒவ்வோர் உடம்பையும் தொட்டுத் துயர் தீர்த்த அந்தக் கைகளைத்தான் ஊர் வாசலோடு நிறுத்தி வைத்தது. பிறர் உடம்பைத் தொடும் வேலை தாழ்ந்தது என்று ஒரு சமூகம் முடிவு கட்டிவிட்டால், அந்த வேலையின் அறிவும் கூடவே தேயும். கற்றவர் பிள்ளைக்குச் சொல்லித்தர மாட்டார். பிள்ளையும் கேட்க மாட்டான். நல்ல மசாஜ் கடை நம் ஊரில் ஏன் அரிது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தச் சலூன் நாற்காலியிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். டேவிட் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர் 1928இல் இங்கே காசநோய்க்கான சானடோரியத்தைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இதேபோன்ற சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்காகத் தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம். திறந்த வெளி, நல்ல காற்று, சத்துள்ள உணவு, ஓய்வு, இவைதான் வைத்தியம். சென்னையின் நெரிசலுக்கு வெளியே, குன்றும் புதர்க்காடுமாக இருந்த தாம்பரம் அதற்குப் பொருத்தமாகப் பட்டது. 1937இல் அரசு இதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

சொந்த வீட்டிலேயே தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே வந்து படுத்தார்கள். 1990களில் எச்.ஐ.வி. பரவியபோது, பல மருத்துவமனைகள் கையுறை போட்டும் தொடத் தயங்கிய நோயாளிகளுக்கு இதே வளாகம் கதவு திறந்தது. நாட்டில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மிகப் பெரிய அளவில் சிகிச்சை தந்த மருத்துவமனைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. பிறர் தொடப் பயந்தவர்களைத் தொட்ட ஊர் என்று தாம்பரத்தை நான் நினைவில் வைத்திருக்கிறேன். விமானப்படைத் தளம், கிறிஸ்தவக் கல்லூரி, தென்மாவட்ட ரயில்கள் என்று தாம்பரத்துக்கு வேறு அடையாளங்கள் பல உண்டு. எனக்கு முதலில் வருவது இதுதான்.

அந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதரின் பெயர். சித்த மருத்துவர், ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1907இல் தொடங்கியவர், அதற்கு முன்பே 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, தீண்டாமைக்கு எதிரான வழியைப் பௌத்தத்தில் கண்டவர். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, நாடி பிடித்து வைத்தியம் பார்த்தவரின் பெயரைச் சுமக்கும் கட்டடத்தில், தினமும் காலையில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் தம்மைத் தொடச் சொல்லி நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் சூட்டியிருக்க முடியாது.

நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அம்மாவை மகள் தாங்கிக்கொண்டு நின்றாள். பின்னால், நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர். இளம் மருத்துவர் ஒருவர் என்னை உட்கார வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கம், பசி, மலச்சிக்கல் எல்லாம் விசாரித்தார். சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வகைத் தேர்வுகள் உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். ஸ்பரிசம், அதாவது தொட்டறிதல், இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. சூடா, குளிர்ச்சியா, வறட்சியா, வியர்வையா, வீக்கமா என்று மருத்துவரின் கை முதலில் கேட்டுக்கொள்கிறது. பிறகுதான் அழுத்துகிறது.

எனக்குத் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை, எழுதித் தந்தார்கள். சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புற மருந்துகளில் ஒற்றடம், வேது, பற்று, பொட்டணம் ஆகியவற்றோடு தொக்கணமும் ஒன்று. அதையும் ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். சிகிச்சை அறையில் வெதுவெதுப்பான தைலத்தோடு ஓர் ஊழியர் தோளிலிருந்து விரல் நுனி வரை இழுத்து விட்டபோது, இந்த ஒன்பதில் எது நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அறையில் மெல்லிசை கிடையாது, ஊதுபத்தி கிடையாது. ரெக்சின் மேசை, மின்விசிறி, தைல வாசனை, பக்கத்துத் தடுப்பில் ஒரு தாத்தாவின் முனகல். “வலிச்சா சொல்லுங்க, தாங்கிக்கிட்டு இருக்காதீங்க” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வர்மத்துக்கும் இங்கே சிகிச்சை உண்டு. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள். அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. குமரி மாவட்டத்து ஆசான்கள் சிலம்பத்தோடும் எலும்பு வைத்தியத்தோடும் சேர்த்துக் காப்பாற்றி வந்த கலை இது. அடிபட்டு மயங்கியவரை மீட்கும் இளக்குமுறையைக் கற்றுத்தராமல் தாக்கும் புள்ளியை எந்த ஆசானும் காட்ட மாட்டார் என்பது அந்த மரபின் நெறி. பொறுமையில்லாத மாணவனுக்கும் கோபக்காரனுக்கும் அங்கே பாடம் கிடையாது. கெடுக்கவும் வல்ல கை என்று தெரிந்ததால்தான் இத்தனை கட்டுப்பாடு.

அந்த மேசையில் படுத்தபடி பாங்காக் வாட் போ கோயிலை நினைத்துக்கொண்டேன். அங்கே கிடந்த கோலத்தில் இருக்கும் பெரிய புத்தரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அதே வளாகத்தின் மண்டபச் சுவர்களில் மனித உடம்பின் கோட்டுருவங்களைக் கல்லில் செதுக்கி, எந்த வலிக்கு எந்தப் புள்ளி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ராமா மன்னர் 1830களில் கோயிலைப் புதுப்பித்தபோது, மருத்துவ அறிவு யாருடைய குடும்பச் சொத்தாகவும் முடங்கிவிடாமல் எல்லோரும் படிக்கும்படி கல்லில் ஏற்றினார். முனிவர்கள் உடம்பை வளைத்து நீட்டும் சிலைகளும் அங்கே உண்டு. நம் யோகாசனங்களை அறிந்தவர்கள் அவற்றை அடையாளம் காண்பார்கள். 1955இல் அதே கோயிலில் மசாஜ் பள்ளி தொடங்கியது.

தாய் மசாஜில் 72,000 நாடிகளில் பத்து முதன்மையானவை. அவை தொப்புளைச் சுற்றித் தொடங்குகின்றன. முதல் மூன்றின் பெயர்கள் ஈத்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர் மரபிலும் 72,000 நாடிகள், முதன்மையானவை பத்து. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று தொடங்கும். தாய்லாந்தின் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் அவனிநாரணம் என்ற குளத்தையும் அது குறிப்பிடுகிறது. வணிகர்கள் போன வழியில் துறவிகளும் வைத்தியர்களும் போயிருப்பார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று உரிமை கொண்டாட நான் விரும்பவில்லை. இரண்டும் ஒரு குடும்பத்தில் பிறந்து தனித்தனி வீட்டில் வளர்ந்த சகோதரிகள் போல இருக்கின்றன. மூத்தவள் யார் என்பதைவிட, இருவரும் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தாய்லாந்தில் மசாஜ் செய்கிறவர், வேலையைத் தொடங்குமுன் புத்தரின் மருத்துவரான ஜீவகரை வணங்குகிறார். 2019 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அங்கே அது தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் தொழில்.

தாம்பரத்திலிருந்து கிழக்கே, சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. சோழிங்கநல்லூரில் மாலையானதும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலிருந்து இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். முதுகில் மடிக்கணினிப் பை, முன்னுக்குத் தள்ளிய கழுத்து, கைபேசியைப் பார்த்துக் குனிந்த தலை. முந்தைய தலைமுறையில் மூட்டை தூக்கியவர்களுக்கு வந்த தோள்வலி இவர்களுக்கு நாற்காலியிலேயே வருகிறது. தாய் மசாஜ் கடைகள் இந்தச் சாலையில் நெருக்கமாக முளைத்ததற்குக் காரணம் இதுதான்.

விசாரித்து விசாரித்து, ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர் சொன்ன கடைக்குப் போனேன். மாநகராட்சி உரிமம் வாசலிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வரவேற்பில் ஒரு படிவம் தந்தார்கள்: வலி எங்கே, எவ்வளவு நாளாக, எலும்பு முறிவு உண்டா, காலில் ரத்தக்கட்டு இருந்ததுண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஆண்களுக்கு ஆண்தான் என்றார்கள். மணிப்பூரைச் சேர்ந்த இளைஞர் வெதுவெதுப்பான நீரில் என் கால்களைக் கழுவினார். உடுத்திக்கொள்ளத் தளர்வான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் தந்தார். உண்மையான தாய் மசாஜுக்கு எண்ணெய் கிடையாது, உடையைக் களைவதும் கிடையாது. தரையில் விரித்த கெட்டியான மெத்தையில் படுக்க வைத்து, கைகூப்பி ஒரு கணம் நின்றுவிட்டு, பாதத்தில் தொடங்கினார்.

உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, சில இடங்களில் முழங்கால் என்று மாறி மாறித் தன் உடம்பின் எடையைச் சாய்த்து இறக்கினார். விரல் பலத்தை மட்டும் நம்பவில்லை. என் மூச்சு வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் அழுத்தினார். காலை மடக்கி இடுப்பை முறுக்கினார், கைகளைப் பிடித்து இழுத்தார், தோளை அசைத்து விட்டார். முறுக்கல், இழுத்தல், அசைத்தல் என்று சானடோரியத்தில் எண்ணியதெல்லாம் வேறொரு வரிசையில் வந்தன. கழுத்துக்கு வந்தபோது வேகமாகத் திருப்பிச் சொடக்கு எடுக்கவில்லை. “கழுத்தைச் சட்டென்று திருப்பக் கூடாது, அது ஆபத்து” என்று கலப்புத் தமிழில் சொன்னார். தாய்லாந்தின் சியாங் மாய் போய்ப் பயின்றவரிடம் தான் கற்றதாகவும், சரியான சம்பளமும் தங்க இடமும் தருவதால்தான் இந்தக் கடையிலேயே நிலைத்திருப்பதாகவும் சொன்னார். இந்த வேலைதான் செய்கிறேன் என்று ஊரில் வெளிப்படையாகச் சொல்ல முடிவதில்லை என்றும் சொன்னார். குரோம்பேட்டைப் பெரியவரின் மகன் நினைவுக்கு வந்தார்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் நம் பொதுப்புத்தி. சோதனை, கைது, சீல் வைப்பு என்றுதான் ஸ்பாக்கள் நாளிதழில் வருகின்றன. ஸ்பாக்களுக்குள் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதிலிருந்து மாறுபட்டு, அப்படிக் கேமரா வைப்பது ஒருவரின் அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகும் என்று கூறினார். உடம்பை ஆற்றிக்கொள்ளப் படுத்திருப்பவரைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குற்றத்தைத் தடுக்க வேறு வழிகள் உண்டு. தாய்லாந்தில் 2016இல் வந்த சட்டப்படி மசாஜ் கடைகளுக்கு உரிமமும், மசாஜ் செய்கிறவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் அரசுப் பதிவும் வேண்டும். பயிற்சியும் பதிவும் கூலியும் தொழிலை மரியாதைக்குரியதாக்கின.

தாம்பரம் பக்கம் வந்து நல்ல மசாஜ் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாள்பட்ட வலி, பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் என்றால் முதலில் சானடோரியத்துக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். உடல் அசதி, தசை இறுக்கம் என்றால் தாய் மசாஜ் நன்றாகக் கேட்கும். கடையில் ஏறியதும் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். உடம்பைப் பற்றிக் கேட்டால் உட்காருங்கள். உடம்பைத் தவிர மற்றதெல்லாம் கேட்டால் இறங்கிவிடுங்கள். காய்ச்சல், புதிய எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் மசாஜே வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். வலித்தால் சொல்லுங்கள். முடிந்ததும் செய்தவரிடம் நன்றி சொல்லுங்கள், எங்கே கற்றார் என்று கேளுங்கள். அவருக்கு அது பெருமையான கேள்வி.

இன்னொன்றை அரசிடம் கேட்க விரும்புகிறேன். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றுப்புறப் பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. தொக்கணத்துக்கு ஒரு தொழிற்பயிற்சி, அரசுச் சான்றிதழ், பதிவேடு, நியாயமான கூலி ஆகியவற்றை இங்கிருந்தே தொடங்கலாம். சலூன்காரர் பிள்ளைகளும், மணிப்பூரிலிருந்து வந்த இளைஞர்களும், பார்வையற்றவர்களும் அதில் சேர வேண்டும். கற்றவர்கள் மாநகராட்சி உரிமத்தோடு கடை வைக்க வேண்டும். அப்படி நடந்தால், விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில், தொக்கணத்துக்கென்றே வெளிநாட்டார் தேடி வரும் ஊராகத் தாம்பரம் ஆகும். தொடும் கைகளுக்கு இந்த ஊர் தர வேண்டிய மரியாதை பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கும் வசதியும் அறிவும் இங்கேயே இருக்கின்றன.